ஊற்றங்கரைக்கு வந்த சட்டம்

ஒரு காட்டில், சிங்கராசாவின் குகைக்கு வெகுதூரம் தள்ளி, மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஊற்று இருந்தது, பிள்ளைகளே. கோடையில் அந்த வட்டாரத்துக்கே அது ஒன்றுதான் தண்ணீர். அதற்குக் காவல் அதிகாரி கழுதைப்புலி. அது இறங்கிக் குளித்துக் கலக்கிவிட்டுப் போன பிறகுதான் மற்றவர்களுக்கு வாய் நனையும். அந்தச் சேற்றுத் தண்ணீரை மான்கள் காலையில் குடிக்கும், பன்றிகள் மாலையில் குடிக்கும். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கமாட்டார்கள். அது அங்கத்து வழக்கம்.

ஒருநாள் விடியும்போது ஒரு நாரை கூவிக்கொண்டே வந்தது. "ராசா ஊரில் எல்லோரும் கூடிச் சட்டம் கேட்டார்கள். ராசாவும் தலையாட்டிவிட்டார். இனி நாடு முழுக்க ஒரே சட்டம்."

மலை தாண்டி வந்த களைப்பு. மருதமரத்தில் உட்கார்ந்ததும் அது தூங்கிப்போனது.

அதைக் கேட்ட கழுதைப்புலி அன்றைக்குக் குளிக்கக்கூட இறங்கவில்லை.

"கவலைய விடுங்க எசமான்" என்றது அதன் கையாள் நரி. "இந்த மானுங்களும் பன்றிங்களும் அடிச்சுக்கிட்டா, இந்த ஊருக்குச் சட்டம் ஒத்துவராதுன்னு ராசாவுக்குச் சொல்லி அனுப்பிடலாம்."

நரி நேரே புள்ளிமானிடம் போனது. அது குட்டி ஈன்று சில நாள்தான் ஆகியிருந்தது.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதே. புதுச் சட்டப்படி ஊற்று மொத்தமும் பன்றிகளுக்காம்."

மான் குட்டியைத் திரும்பிப் பார்த்தது. தண்ணீர் இல்லாவிட்டால் பால் ஏது? பால் இல்லாவிட்டால் குட்டி ஏது?

உச்சிவெயிலில் மான் கூட்டம் ஊற்றுக்குத் திரண்டு வந்தது. பன்றிகள் ஏற்கெனவே மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றன. கலைமான்கள் கொம்பைத் தாழ்த்தின. மேட்டில் உட்கார்ந்து கழுதைப்புலி சிரித்தது.

"ஊற்றை வளைச்சுப்போட வந்துட்டீங்களாக்கும்" என்று உறுமியது கிழப்பன்றி.

புள்ளிமான் திகைத்தது. "நாங்களா? அது உங்களுக்குன்னுல்ல கேள்விப்பட்டேன்."

"எங்களுக்கா? உங்களுக்குன்னுதானே நரி சொல்லிச்சு. யார்கிட்டயும் சொல்லாதேன்னும் சொல்லிச்சு."

"என்கிட்டயும் அதேதான் சொல்லிச்சு."

எல்லாத் தலைகளும் நரிப்பக்கம் திரும்பின. நரி தன் வாலில் உண்ணி தேட ஆரம்பித்தது.

புள்ளிமான் மரத்தடிக்குப் போய் நாரையை எழுப்பியது. "நாரையாரே, அந்தச் சட்டம் என்னன்னு எல்லார் முன்னாலயும் சொல்லுங்க."

நாரை கண்ணைத் திறந்தது. "தண்ணீர் எல்லோருக்கும் பொது. குட்டி வைத்திருப்பவர் முதலில், அதிகாரி கடைசியில். அவ்வளவுதானே? அதற்கா இத்தனை கூட்டம்?"

கழுதைப்புலியின் சிரிப்பு நின்றுபோனது. கீழே கொம்பும் கோரைப்பல்லும் ஒரே பக்கமாக நின்றன.

"நான் எங்கே நிற்கணும்?" என்று மெல்லக் கேட்டது கழுதைப்புலி.

"அந்தக் கடைசிப் பன்றிக்குப் பின்னால" என்றது கிழப்பன்றி. "தள்ளாம நில்லு."

புள்ளிமான் முதலில் இறங்கியது. ஊற்றின் அடியில் கூழாங்கல் கிடப்பதை அன்றுதான் அது பார்த்தது. வயிறு முட்டக் குடித்துப் பெருமூச்சு விட்டது. குட்டி வந்து மடியை முட்டியது.

நீதி: காதோடு காதாகச் சொன்னதை நம்பிக் கைகலக்காதே, நாலு பேர் நடுவே வைத்துக் கேள்.