மீன்கார எஸ்தரும் மோதிய காரும்

தூத்துக்குடி சந்தையில் காண்ட்ராக்டர் குணபாலன் காரைப் பின்னால் எடுத்தபோது, மீன் விற்கும் எஸ்தரின் மொபெட்டைக் கூடையோடு சாய்த்துவிட்டார். இறங்கியவர் அங்கே நின்ற போலீஸ்காரரிடம் கத்தினார்: "நின்ன கார்ல வந்து மோதிட்டா! இவ வண்டியைப் பிடிச்சு வைங்க!"

வண்டி போனால் எஸ்தருக்குப் பிழைப்பே போய்விடும். குணபாலனுக்குப் பயந்து சந்தையில் ஒருவரும் சாட்சி சொல்ல வரவில்லை.

எஸ்தர் திறந்திருந்த கார் கதவு வழியே உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, பணிவாகக் கும்பிட்டாள். "அண்ணாச்சி, வெயில்ல இப்படி வேர்க்குதே! உள்ள உக்காந்து ஏசியப் போட்டுட்டு ஏசுங்க, கேட்டுக்கிடுதேன்."

குணபாலன் பெருமையாக உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். முன்பு இறங்கும்போது ரிவர்ஸ் கியரை மாற்ற மறந்திருந்தார். "கவனம்! வண்டி பின்னால் வருகிறது!" என்று கார் ஊருக்கே கேட்க அலறியது.

சந்தையே சிரித்தது. போலீஸ்காரரும் சிரித்துவிட்டார்.

"உங்க காரே ஒத்துக்கிட்டுது, அண்ணாச்சி. இறங்கி வந்து மீனைப் பொறுக்குங்க" என்றாள் எஸ்தர்.