பத்தில் ஒன்பது பேர்

முழுவதையும் கேட்டுவிட்டு நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அவசரப்பட வேண்டாம்.

திண்டுக்கல்லில் ஒரு பயிற்சி மையம். சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் இடம். ஒரு பத்தியைக் கேள்வி கேட்டுப் படிப்பதையும், படித்ததை வைத்து வாதக் கட்டுரை எழுதுவதையும் அங்கே கற்பித்தவள் அங்கயற்கண்ணி.

அவள் கற்பித்தது ஒன்று, பிள்ளைகள் எழுதியது வேறு. நிர்வாகி குழந்தைவேலு தொடக்கத்துக்கு ஒரு பத்தி, முடிவுக்கு ஒரு பத்தி என்று தானே எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். தலைப்பு குடிநீரானாலும் கைப்பேசியானாலும் எல்லாத் தாளும் ‘இன்றைய நவீன உலகில்’ என்றுதான் தொடங்கும். ஒரே ஈரத்துணியால் துடைத்த ஓட்டல் மேசைகள்போல அத்தனைக்கும் ஒரே வாடை. திருத்த உட்கார்ந்தாலே அவளுக்குக் குமட்டும்.

அந்த ஆண்டு ஒரு கட்டுரைப் போட்டி வைத்தார்கள். முதலிடத்துக்கு ஓராண்டுப் பயிற்சியும் விடுதியும் இலவசம். செல்லக்கிளி என்ற மாணவிக்கு அது கிடைக்காவிட்டால் நூற்பாலை வேலைதான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

வினாத்தாளைப் பார்த்ததும் அங்கயற்கண்ணி முகம் சுளித்தாள். வாதிடக் கொடுத்திருந்த பத்தி, மையத்தின் சொந்த விளம்பரம். ‘ஆண்டுதோறும் நூற்றிருபது பேர் எங்களை நம்பிச் சேர்கிறார்கள். சென்ற ஆண்டு நாங்கள் தேர்வுக்கு அனுப்பிய நாற்பது பேரில் முப்பத்தாறு பேருக்கு இடம் கிடைத்தது. எங்களிடம் படித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு வெற்றி.’ இதை ஏற்கிறீர்களா என்பது கேள்வி. பத்தியில் உள்ளதை மட்டுமே ஆதாரமாகக் காட்ட வேண்டும், வெளிச்செய்தி செல்லாது என்பது விதி. நுழைவுத் தேர்வின் விதியும் அதுதான்.

“நல்லதா நாலு வரி தேறுச்சுன்னா பேனர்ல போட்டுக்கலாம்ல, மேடம்,” என்றார் குழந்தைவேலு.

மூன்று தாள்கள் மேலே வந்தன. வைஷாலி அழகான கையெழுத்தில், தங்கு தடையில்லாமல், மையத்தைப் புகழ்ந்திருந்தாள். செல்லக்கிளி மறுத்திருந்தாள். மாதிரித் தேர்வில் மதிப்பெண் குறைந்தவர்களைத் தேர்வுக்கு முன்பே பெட்டி கட்டச் சொல்லி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள், அப்படிப் போனவர்களில் தன் அக்காவும் ஒருத்தி என்று எழுதியிருந்தாள். ரெக்ஸ்லின் தாள் முக்கால் பக்கம்கூட இல்லை. நூற்றிருபது பேர் சேர்ந்தார்கள், நாற்பது பேர் எழுதினார்கள், மீதி எண்பது பேர் என்ன ஆனார்கள் என்று பத்தி சொல்லவில்லை, சொல்லும்வரை இந்த ‘பத்தில் ஒன்பதை’ ஏற்க முடியாது என்று எழுதியிருந்தான். எந்த அக்காவையும் அவனுக்குத் தெரியாது.

குழந்தைவேலு வைஷாலிக்கே கொடுக்கச் சொன்னார். செல்லக்கிளி எழுதியது உண்மையா என்று அங்கயற்கண்ணி கேட்டாள். அவர் பல்லிடுக்கைக் குச்சியால் குத்திக்கொண்டே பதில் சொன்னார்.

“தேறாததுகளையும் எழுத விட்டா நம்ம விழுக்காடு என்னத்துக்கு ஆகும்? அழுகினதைப் பொறுக்கிப் போட்டுட்டுத்தானே கூடையை வெளிய வைக்கணும்.”

குச்சியின் நுனியைப் பார்த்துவிட்டு மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். திருத்துபவர் முடிவே இறுதியானது என்று அறிவிப்பில் அச்சாகியிருந்ததால், பெயரை எழுத வேண்டியவள் அவள்தான்.

பேனா கையில் இருக்கிறது. நிர்வாகி கேட்பது வைஷாலியை. மனம் கேட்பது செல்லக்கிளியை. ரெக்ஸ்லினுக்காகக் கேட்க யாருமில்லை.

இவர்களில் பரிசு யாருக்குச் சேர வேண்டும்?

விடை: ரெக்ஸ்லினுக்கு. வைஷாலி விளம்பரத்தையே திருப்பிச் சொன்னாள். செல்லக்கிளி எழுதியது அத்தனையும் உண்மை. ஆனால் அது பத்தியில் இல்லாத உண்மை. அந்தப் பத்தியை அதன் சொற்களை வைத்தே மடக்கியவன் ரெக்ஸ்லின் மட்டும்தான். அங்கயற்கண்ணி அவன் பெயரையே எழுதினாள். குழந்தைவேலு அவன் தாளை வாங்கி ஒருமுறைக்கு இருமுறை படித்தார். அடுத்து வந்த விளம்பரத்தில் நூற்றிருபது பேர் என்ற வரி இல்லை. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. செல்லக்கிளியிடம் காரணத்தை விளக்கியபோது அவள் வாதாடவில்லை. “அதுலயே இருந்துச்சா, மிஸ்?” என்றாள். “எனக்கு எங்கக்கா மட்டும்தான் தெரிஞ்சா.”