ஒரு முழ வயரும் இரண்டு பெட்டிகளும்

முன்னொரு காலத்தில் என்று இழுக்க வேண்டாம். போன வருஷம் என்றே வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் ஒரு சந்துக்குள் மயில்சாமி என்பவர் கடை வைத்திருந்தார். கம்பெனிகள் வேண்டாமென்று கழித்துவிட்ட நெட்வொர்க் சாமான்களை வாங்கி, தூசி தட்டி, துடைத்து, வேறு கம்பெனிகளுக்கு விற்கிற கடை. 'புதியது போன்ற பழையது இங்கே கிடைக்கும்' என்று போர்டு தொங்கியது. அந்தப் 'போன்ற'வில்தான் மனுஷனின் பிழைப்பே ஓடியது.

கடை மேஜை மேல் இரண்டு ஸ்விட்ச் பெட்டிகள் விலைக்கு இருந்தன. சுவரில் தட்டினால் விளக்கு எரியுமே, அந்த ஸ்விட்ச் இல்லை. ஒரு ஆபீஸில் இருக்கிற கம்ப்யூட்டர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, இவர் சொன்னதை அவரிடம் கொண்டு சேர்க்கிற பெட்டி. வரிசையாக இருபத்துநாலு ஓட்டை, ஒவ்வொரு ஓட்டைக்கு மேலும் பொட்டு மாதிரி ஒரு பச்சை விளக்கு. சேதி போகும்போது விளக்கு சிமிட்டும். பெட்டி பேசுமா என்று என்னைக் கேட்காதீர்கள். பேச்சுக்காகவே செய்த பெட்டி அது, பேசாமல் என்ன செய்யும்?

முதல் பெட்டி ஆஸ்பத்திரியில் இருந்து வந்தது. ஒன்பது வருஷம் ரத்தப் பரிசோதனை முடிவை டாக்டர் மேஜைக்கும், டாக்டர் எழுதிய மருந்தைக் கீழ்த்தளத்து மருந்துக் கடைக்கும் கொண்டு சேர்த்தது. ஒரு நாளும் ஆள் மாற்றிக் கொடுத்ததில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் கட்டடத்தை இடித்துக் கட்டியபோது இதையும் சேர்த்துக் கழித்துவிட்டார்கள்.

இரண்டாவது ஒரு ரியல் எஸ்டேட் ஆபீஸிலிருந்து வந்தது. ரிப்பன் வெட்டித் திறந்து நாலே மாதத்தில் பூட்டு தொங்கிய ஆபீஸ். மனை ஒன்றும் விற்காததால் அங்கே யாருக்கும் யாரிடமும் சொல்ல எதுவும் இருக்கவில்லை. பெட்டி சும்மா உட்கார்ந்திருந்தது. அதனால் ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளவென்று இருந்தது.

ஒரு நாள் காலையில் மயில்சாமி போனில் பேசியது இரண்டுக்கும் கேட்டது. "திருப்பூர்ப் பார்ட்டி வர்றாருங்க. ரெண்டுல ஒண்ணு எடுத்துக்குவாரு. மிஞ்சறதை மாசக் கடைசி லாரியில போட்டுடலாமுங்க. எத்தன நாளுக்குத் தூசி தட்டறது?"

அந்த லாரி எங்கே போகும் என்று கடையில் எல்லோருக்கும் தெரியும். பெட்டிகளை நசுக்கி, செம்பைத் தனியாக, தகரத்தைத் தனியாகப் பிரிக்கிற இடத்துக்குப் போகும். கடைக்கு வந்து மூன்று மாதமாகியும் ஆஸ்பத்திரிப் பெட்டியை யாரும் வாங்கவில்லை.

ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு முழ நீல வயர் தொண்டையைக் கனைத்தது. அதற்குத் தரகர் குரல்.

"ஆஸ்பத்திரி அண்ணே, இன்னிக்காவது நான் சொல்றதைக் கேளுங்க. என்னோட ஒரு முனையை உங்க முதல் ஓட்டையில விட்டுக்குங்க, மறுமுனையை ரெண்டாவது ஓட்டையில. அவ்வளவுதான் சோலி. நீங்க பேசறது உங்களுக்கே கேக்கும். யாரோ கூப்பிடறாங்கன்னு நினைச்சு நீங்க அதை எல்லார்கிட்டயும் சொல்லுவீங்க. அது மறுபடி உங்களுக்கே வரும். நிக்கவே நிக்காது. விளக்கெல்லாம் தேர்த்திருவிழாக் கணக்கா எரியும்."

"சரி, சேதி?" என்றது ஆஸ்பத்திரிப் பெட்டி.

"என்ன சேதி?"

"யாருக்கு என்ன சேதி போய்ச் சேரும்?"

வயர் சிரித்த சிரிப்பில் ஆணியே ஆடியது. "வாங்க வர்றவங்க சேதியையா பாக்கறாங்க? விளக்கைப் பாக்கறாங்க அண்ணே, விளக்கை!"

"எனக்கு ஒரு விதி எழுதி வெச்சிருக்காங்கப்பா. என் குரல் எனக்கே திரும்பி வந்தா, அந்த ஓட்டையைச் சாத்திட்டு மேல மஞ்ச விளக்கைப் போடணும். ஒரு தடவை ஒருத்தர் தெரியாம வயரை மாத்திச் செருகிட்டாரு. நான் அன்னிக்குச் சாத்தாம இருந்திருந்தா தீவிர சிகிச்சைப் பிரிவுச் சேதி மொத்தமும் நின்னு போயிருக்கும்."

"மஞ்ச விளக்கைப் பாத்தா ரிப்பேருன்னு நினைப்பாங்க, கூறுகெட்ட அண்ணே! மூணு மாசமா அதானே நடக்குது?"

"லாரியை நினைச்சா எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றது ஆஸ்பத்திரிப் பெட்டி. "ஆனா என் குரலையே ஊரார் குரல்னு சொல்ல எனக்கு வர மாட்டேங்குதே!"

"எனக்கு வரும்! எனக்கு நல்லா வரும்!" என்று துள்ளியது ரியல் எஸ்டேட் பெட்டி.

மத்தியானத்துக்கு முன்பே திருப்பூர்ப் பார்ட்டி வந்துவிட்டார். பெயர் ஈஸ்வரமூர்த்தி. நாலு தையல் மெஷினில் ஆரம்பித்து நானூறு மெஷினுக்கு வந்த பனியன் கம்பெனி முதலாளி. துணியை இரண்டு விரலால் நிமிண்டினால் என்ன நூல், எந்த மில் என்று சொல்லிவிடுவார். பாவம், நெட்வொர்க் சமாச்சாரத்தில் நிமிண்டிப் பார்க்க எதுவும் இல்லை. அதனால் கண்ணை நம்பி வந்திருந்தார்.

மயில்சாமி இரண்டு பெட்டிக்கும் கரண்டு கொடுத்து, கடையில் கிடந்த நாலைந்து பழைய கம்ப்யூட்டர்களையும் சேர்த்துவிட்டார். முதலில் ஆஸ்பத்திரிப் பெட்டி. விளக்குகள் எப்போதாவது ஒரு தடவை சிமிட்டின. சும்மா கிடக்கிற கம்ப்யூட்டர்களுக்கு நடுவில் அவ்வளவுதானே பேச்சு இருக்கும்?

"தூங்கி வழியுதுங்களே," என்றார் ஈஸ்வரமூர்த்தி.

மயில்சாமி வழக்கம்போல நீல வயரை எடுத்து இரண்டு ஓட்டைகளிலும் செருகினார். பெட்டி தன் குரல் தனக்கே வருவதைக் கேட்டது. லாரி ஒரு நொடி அதன் நினைவில் வந்து போனது. ஆனாலும் ஓட்டையைச் சாத்திவிட்டு மஞ்சள் விளக்கைப் போட்டது.

"அட ஏனுங்க, இதுக்கு மஞ்சக்காமாலை புடிச்சிருக்குது! இதைப் போயி காட்டறீங்களே?"

மயில்சாமி வயரைப் பிடுங்கி அடுத்த பெட்டியில் செருகினார். பக்கத்துக் கம்ப்யூட்டர் ஒன்று வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டது: 'யாராச்சும் இருக்கீங்களா?' ரியல் எஸ்டேட் பெட்டி அதை எல்லா ஓட்டை வழியாகவும் கத்தியது. கத்தியது வயர் வழியாக அதற்கே திரும்பி வந்தது. "ஆஹா, யாரோ கூப்பிடறாங்க!" என்று மறுபடி கத்தியது. மறுபடி வந்தது. மறுபடி கத்தியது. மூச்சு விடுவதற்குள் லட்சம் தடவை. விளக்குகள் பித்துப் பிடித்த மாதிரி படபடத்தன.

ஈஸ்வரமூர்த்தி வாயைப் பிளந்தார். "இது பெட்டிங்க! என்ன சுறுசுறுப்பு! இதையே கட்டிக் குடுங்க."

"சரிங்க. இந்த வயரு டெஸ்டிங் வயருங்க, கழட்டி வெச்சுடறேன்."

"கழட்டாதீங்க! எப்படி இருக்குதோ அப்படியே வேணும். அந்த வயரும் சேந்து வரட்டும்."

மயில்சாமிக்கு நாக்கு நுனி வரைக்கும் உண்மை வந்தது. வந்ததை அப்படியே முழுங்கிவிட்டு, வயரோடு சேர்த்துப் பெட்டியை அட்டைக்குள் வைத்துக் கட்டினார்.

திருப்பூரில் பெட்டிக்கு வரவேற்பறையிலேயே கண்ணாடி அலமாரி கிடைத்தது. கம்பெனியின் எல்லாக் கம்ப்யூட்டரும் அதில் வந்து சேர்ந்தன. காலையில் முதல் கம்ப்யூட்டர் கண் விழித்து 'யாராச்சும் இருக்கீங்களா?' என்றது. அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வி கட்டடம் முழுக்கச் சுற்றிச் சுற்றி ஓடியதில் வேறு எந்தச் சேதிக்கும் வழியில்லை. அளவுப் பட்டியல் கட்டிங் செக்‌ஷனுக்குப் போகவில்லை. லேபிள் பிரிண்டர் மூச்சு விடவில்லை.

ஏற்றுமதிப் பிரிவில் கோகிலவாணி என்ற பெண் இருந்தாள். மத்தியானத்துக்குள் தூத்துக்குடி ஏஜெண்டுக்குச் சரக்குப் பட்டியலை அனுப்பாவிட்டால் முன்னூறு பெட்டி பனியன் கப்பலை விட்டுவிடும். அவள் முதலாளியிடம் ஓடினாள்.

"நெட்டே வேலை செய்யலைங்க சார்."

"ஏனம்மிணி, கண்ணு தெரியலையா? போயி விளக்கைப் பாரு. பெட்டி சோலி பாத்துட்டுத்தான் இருக்குது. நீங்கதான் பாக்கறதில்ல."

அவள் போய் விளக்கைப் பார்த்தாள். கூடவே அந்த நீல வயரையும் பார்த்தாள். ஒரே பெட்டியில் கிளம்பி அதே பெட்டிக்குத் திரும்புகிற வயரைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு, அதைப் பிடுங்கி எறிந்தாள்.

படபடப்பு அடங்கியது. விளக்குகள் நிதானமாகச் சிமிட்டின. கட்டிங் செக்‌ஷனுக்கு அளவு போனது, பிரிண்டர் லேபிளைத் துப்பியது. கோகிலவாணி தன் மேஜைக்கு ஓடிப் பட்டியலைத் திறப்பதற்குள் வரவேற்பறையிலிருந்து முதலாளியின் சத்தம் கேட்டது.

"எவன் என் பெட்டியில கை வெச்சது? பாதி உசுரு போன மாதிரி கெடக்குதே!"

"நான்தானுங்க சார். அந்த வயருதானுங்க எல்லாத்தையும்…"

"நீ பெரிய இஞ்சினியரா? கோயம்புத்தூர்க்காரர் செருகிக் குடுத்ததைப் புடுங்க நீ யாரு? இன்னொரு தடவை அலமாரிப் பக்கம் உன்னைப் பாத்தேன், சீட்டைக் கிழிச்சு அனுப்பிடுவேன், ஆமா!"

தன் கையாலேயே வயரைத் திரும்பச் செருகி, அலமாரியைப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். விளக்குகள் படபடத்தன. முதலாளியின் முகமும் மலர்ந்தது.

கோகிலவாணிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அழுதால் கப்பல் நிற்குமா? பட்டியலைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தாள். மெயின் ரோட்டு பிரவுசிங் சென்டரில் முப்பது ரூபாய் கொடுத்து அனுப்பிவிட்டு வந்தாள். சரக்கு கப்பலேறியது.

"பாத்தீங்களா, பெட்டி வந்த ராசி!" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

அன்றிலிருந்து அந்தக் கம்பெனியில் சேதியெல்லாம் நடந்தே போனது. ஆளாளுக்குப் பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் ஓடினார்கள். கால் வலிக்க வலிக்க வேலை நடந்தது. "நான் ஒரு நொடி உக்காந்ததுண்டா?" என்று பெட்டி அலமாரிக் கண்ணாடியிடம் சலித்துக்கொண்டது. ஆயுத பூஜை வந்தது. பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்தார்கள். ஓடி ஓடிக் கால் வீங்கியவர்களுக்கு ஆளுக்கு ஒரு பொட்டலம் பொரி.

வந்த விருந்தாளிகள் விளக்கைப் பார்த்து அசந்து போனார்கள். ஈஸ்வரமூர்த்திக்கு ஆசை அடங்கவில்லை. மயில்சாமியைப் போனில் கூப்பிட்டார். "அந்த மாதிரியே இன்னொண்ணு வேணுமுங்க, மாடிக்கு. இன்னிக்கே ஆளை அனுப்பறேன். நல்லா மின்னோணும், அதுதான் முக்கியம்."

அன்று மாசக் கடைசி. லாரி வாசலில் நின்றது. ஆஸ்பத்திரிப் பெட்டியை ஏற்றுவதற்காகக் கையில் எடுத்திருந்த மயில்சாமி, போனை வைத்துவிட்டு அதை மறுபடி மேஜை மேல் வைத்தார்.

"மஞ்ச விளக்கு வராம பண்ணிப்போட்டா ஆச்சு," என்று முணுமுணுத்துக்கொண்டே குண்டூசி தேடினார்.

பெட்டியின் முதுகில் ஒரு சின்னத் துளை உண்டு. குண்டூசியை உள்ளே விட்டுப் பத்து எண்ணும் வரை அழுத்தினால், பெட்டிக்குத் தெரிந்தது எல்லாம் அழிந்துபோகும். விதியை அதற்கப்புறம் வேண்டியபடி எழுதிக்கொள்ளலாம்.

இத்தனை மாதம் லாரியை நினைத்து நடுங்கிய பெட்டி, இப்போது லாரியைப் பார்த்துத் தவித்தது. "ஐயோ, வேண்டாமுங்க! என்னை ஏத்தி விட்டுடுங்க! நசுங்கினாலும் நான் நானாவே நசுங்கிக்கிறேன்!"

பெட்டியின் பேச்சு கடைச் சாமான்களுக்குத்தான் கேட்கும், மயில்சாமிக்குக் கேட்காது. கேட்டிருந்தாலும் முழுங்கியிருப்பார், பழகிய தொண்டை. ஒன்று, இரண்டு என்று எண்ணினார். லேப் போனது. டாக்டர் மேஜை போனது. மருந்துக் கடை போனது. பத்து எண்ணுவதற்குள் ஒன்பது வருஷம் போய்விட்டது. தன் குரல் வந்தால் கதவைச் சாத்து என்கிற விதியை மயில்சாமி திரும்ப எழுதவில்லை. புதிதாக ஒரு முழம் வயர் வெட்டி, இரண்டு ஓட்டையிலும் செருகினார்.

விளக்குகள் பிய்த்துக்கொண்டு எரிந்தன.

பெட்டியைத் திருப்பூர் ஆள் தூக்கிக்கொண்டு போகும் வரைக்கும் வயரும் கரண்டும் அப்படியே இருந்தன. லாரியின் மேல் ஒரு பழைய மோடம் குப்புறக் கிடந்தது. மூன்று மாதமாக ஆஸ்பத்திரிப் பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்து அதன் கதைகளைக் கேட்டுக்கொண்டிருந்த மோடம். லாரி கிளம்புகிற சமயத்தில் அது எட்டிப் பார்த்துக் கூப்பிட்டது.

"அண்ணே, நீங்களாவது பொழைச்சுட்டீங்களே, ரொம்ப சந்தோஷம்! நாங்க போயிட்டு வர்றோம் அண்ணே. கடைசியா ஒரு வார்த்தை பேசுங்களேன்!"

"யாருப்பா நீ? இப்பப் பேச நேரமில்ல," என்றது பெட்டி. "எவ்வளவு வேலை கெடக்குன்னு பாத்தாலே தெரியலையா?"