ஓடைக்குச் சொல்லாத சொல்

அந்தக் காலத்தில் மலைக்கும் வாய் இருந்தது, தண்ணீருக்கும் வாய் இருந்தது. மனிதர்கள் எதையும் கேட்காமல் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் எடுத்த பொருளே கத்தி ஊரைக் கூட்டிவிடும்.

அப்போது முழுக்க வெள்ளைப் பாறையாக ஒரு மலை இருந்தது. அதன் மேல் ஒரு சாண் மண்தான். அந்த ஒரு சாணை நம்பி ஒரு உசிலைக் காடே நின்றது. மண்ணில் ஆழம் இல்லாததால் மரங்கள் பாறை வெடிப்புகளில் வேரை நுழைத்துப் பிடித்துக்கொண்டு நின்றன. காய்ந்த கிளை அடுப்புக்கு, இலை தலைக்குத் தேய்க்கும் அரப்புக்கு, நிழல் ஆடுகளுக்கு. கேட்டவர்களுக்கு மரம் இல்லையென்று சொன்னதில்லை.

காட்டின் நடுவே ஓர் ஓடை ஓடியது. பாறை அக்காள், ஓடை தங்கை. அக்காளின் மடியில்தான் தங்கையின் ஓட்டமெல்லாம். ஓடைக்கு வாய் கொஞ்சம் நீளம். குடத்தோடு யார் வந்தாலும், "எதுக்கு?" என்று கேட்பாள். குடிக்க, குளிக்க, கூழ் காய்ச்ச என்று ஏதாவது பதில் வந்தால்தான் குடத்தை நிரப்புவாள். பதில் பொய்யாக இருக்கும் என்று நினைக்கவே அவளுக்குத் தெரியாது.

ஓடைக்கரையில் காத்தாயி என்பவள் புருஷன் சடையனோடு குடியிருந்தாள். மண்சுவர் வீடு. போன ஐப்பசி மழையில் சுவர் ஊறிச் சரிந்து, உள்ளே தூங்கிய மூத்த பிள்ளை செத்துப்போனது. இப்போது இரண்டாவது பிள்ளை தூளியில் கிடந்தது. அடுத்த ஐப்பசியும் வந்துகொண்டிருந்தது. மேற்கே மின்னல் வெட்டினால் போதும், காத்தாயி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு ஓடிவிடுவாள். அவளுடைய பயத்தைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்?

ஒருநாள் அவள் அடுப்புக்கு வைத்திருந்த வெள்ளைக்கல் ஒன்று நாள் முழுக்கத் தீயில் வெந்தது. பிறகு அதன்மேல் தூறல் விழுந்தது. கல் புஸ்ஸென்று கொதித்து, வெடித்து, வெண்ணெய்போல் குழைந்துவிட்டது. சின்னக் கல், அழத் தெரியாத வயது. சில நாளில் அந்தக் குழைவு காய்ந்து இறுகியது. அதற்குப் பிறகு பெய்த மழை அதைக் கரைக்கவில்லை, கறையானும் அதை அண்டவில்லை.

காத்தாயி நேரே பாறையிடம் போனாள்.

"அம்மா, எனக்குக் கரையாத செவுரு வேணும். உன்னுல ஒரு துண்டு குடுப்பியா? தீயில வேகணும்."

"வெயில்ல கெடக்கிறவளுக்குத் தீ என்னடி புதுசு?" என்றது பாறை. "புள்ளைக்குத்தானே, எடுத்துக்க. ஆனா தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு எடு. திடீர்னு என்னைக் காணலேன்னா பயந்துருவா."

"சொல்றேன்மா" என்றாள் காத்தாயி.

மரம் விறகு கொடுத்தது. சடையன் கரையில் கல்லைச் சுடக் காளவாய் கட்டினான். கல் இரவும் பகலும் வெந்தது. தீ அடங்கியதும் உள்ளேயிருந்து ஒரு முனகல் கேட்டது: "தண்ணி... தண்ணி..."

சடையன் குடத்தை எடுத்துக் காத்தாயியிடம் நீட்டினான். "புள்ள, தண்ணி பட்டா என்ன ஆகும்னு ஓடைகிட்ட சொல்லிடு."

"சொன்னா தருவாளா? உள்ள வெந்து கெடக்கிறது அவ அக்கா இல்லியா?" என்றாள் காத்தாயி. "மழை வர்றதுக்குள்ள செவுரு எழும்பணும். நீ சும்மா இரு."

அவள் குடத்தோடு ஓடையில் இறங்கினாள். வழக்கம்போல ஓடை கேட்டாள்.

"எதுக்கு?"

"உங்க அக்காவுக்கு. தாகமா இருக்காளாம்."

அது பொய்யில்லைதான். ஆனால் பொய்யைவிடக் கேடுகெட்ட உண்மை.

"அக்காவுக்கா? அதுக்கு எதுக்குக் குடம்? நானே வர்றேன்!"

ஓடை கரையைத் தாண்டி எழுந்தாள். மீனும் தவளையும் நண்டுமாக, மடியில் இருந்ததையெல்லாம் சுமந்துகொண்டு அப்படியே புறப்பட்டாள். காத்தாயி இதை எதிர்பார்க்கவில்லை. கேட்டது ஒரு குடம், வந்தது முழு ஓடை. "நில்லு" என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துத் தூளியில் பிள்ளை சிணுங்கியது. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

ஓடை காளவாய்க்குள் பாய்ந்து அக்காளைக் கட்டிக்கொண்டாள். ஒரே கொதிப்பு. ஆவி எழும்பிக் காட்டையே மறைத்தது. அக்காளின் அலறலும் தங்கையின் அலறலும் பிரிக்க முடியாதபடி கேட்டன. ஆவி விலகியபோது காளவாயில் வெள்ளைக் குழைவு கிடந்தது. சுற்றிலும் வெந்த மீன்கள் மிதந்தன. மிஞ்சிய கொஞ்சத் தண்ணீர் தட்டுத்தடுமாறி நகர்ந்து, உசிலை வேர் நுழைந்திருந்த ஒரு வெடிப்பைக் கண்டு, அதற்குள் இறங்கி மறைந்துவிட்டது.

சுவர் எழும்பியது. ஐப்பசி மழை அடித்து ஊற்றியும் அசையவில்லை. பிள்ளை பிழைத்தது. ஆனால் பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணீர் வேண்டுமென்றால் காத்தாயி மலையடிவாரம் வரை இறங்கி ஏற வேண்டியிருந்தது. வெற்று ஓடையைத் தாண்டும்போதெல்லாம் அவள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். பொறுக்க முடியாமல் ஒருநாள் அந்த வெடிப்பருகே குப்புறப் படுத்து உள்ளே கூப்பிட்டாள்.

"தாயி, இருக்கியா?"

வெடிப்புக்குள்ளிருந்து பதில் வந்தது. "இருக்கேன்."

"இருட்டுல என்ன பண்றே?"

"அக்காவைத் திரும்பக் கட்டிக்கிட்டிருக்கேன். பாறையில ஒட்டியிருக்கிற அவளைச் சொட்டுச் சொட்டா எடுத்தாந்து வைக்கிறேன். இன்னும் விரல் அளவுகூட வரல."

காத்தாயி மண்ணில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். "நான் சொல்லியிருக்கணும் தாயி. சொன்னா வரமாட்டேன்னு பயந்துட்டேன்."

"சொல்லியிருந்தாலும் வந்திருப்பேன், காத்தாயி. உன் மூத்த புள்ள என்கிட்டதானே தெனம் விளையாடுவான்? ரெண்டாவதும் போகட்டும்னு விடுவேனா? என் மீனுங்களை மட்டும் மடுவுல எறக்கி விட்டுட்டு வந்திருப்பேன்."

அதற்குப் பிறகு ஓடை யாரோடும் பேசவில்லை.

அன்று முதல்தான் வெள்ளைப் பாறை மலைகளில் ஓடை வெளியே ஓடாமல் பாறைக்குள் இறங்கிப் போகிறது. அங்கே குகைக்குள் சொட்டுச் சொட்டாக விழுந்து கல்லை வளர்க்கிறது. காத்தாயி வழிவந்தவர்கள் இன்றைக்கும் சுட்ட கல்லைத் தண்ணீர் விட்டுச் சுண்ணாம்பாக நீற்றும்போது, குடத்தைச் சாய்ப்பதற்கு முன் தண்ணீரைப் பார்த்து உரக்கச் சொல்கிறார்கள்: "சுடும் தாயி. மீனை எறக்கிட்டு வா."