தாழைக்கோழி வாபஸ் வாங்கிய வார்த்தை

“‘இந்தப் பேரரசுக்காரன் என் கூட்டு மேலேயே ஏறி நின்று காவல் காக்கிறான்!’ இதுதானே உன் புகார்?” என்று கேட்டது ஏரிச் சபைத் தலைவரான ஆமை.

“அதேதான் ஐயா!” என்றது தாழைக்கோழி. “அந்த நீர்நாயின் காலடியில் என் நாலு முட்டை இருக்கிறது. நாளைக்குப் பொரிக்க வேண்டியவை. எல்லோரும் வந்து சத்தம் போட்டால் இறங்கிவிடுவான். எழுந்திருங்கள்!”

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

“பேரரசு என்றாயே, அது தப்பு,” என்றது நாரை. நீர்நாய்கள் மிச்சம் வைத்த மீனின் செதில் அதன் அலகில் ஒட்டியிருந்தது. “நீர்நாய்களுக்கு ராஜா உண்டா? மழைக்கு மழை ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது நாடு!”

“அப்புறம் இந்த ஏரியிலும் சுற்றியுள்ள ஆறு குளங்களிலும் அவர்கள் காவல் எதற்கு?” என்று கத்தியது தவளை.

“நாம் அழைத்தோம், வந்தார்கள்,” என்றது நாரை.

“எப்போது அழைத்தோம்?”

“வந்த பிறகு!”

“தினமும் முதல் மீன் அவர்களுக்குத்தானே? அது கப்பம் இல்லையா?”

“அன்பளிப்பு!”

ஆமை கழுத்தை நீட்டியது. “கிரீடம் இல்லாமல் பேரரசு உண்டா? நிதானமாகப் பேசுவோம்.”

கல் மாதிரி வீட்டை முதுகிலேயே வைத்திருப்பவருக்கு என்ன அவசரம்!

கூடு இருந்த கோரைப்புல் பக்கமிருந்து சின்னதாக ஒரு சத்தம். முட்டை உடைகிற சத்தம் பெற்றவளுக்குத் தெரியாதா? சபை பேசிக்கொண்டே இருந்தது. இன்னொரு சத்தம்.

“ஐயா, வார்த்தையை வாபஸ் வாங்குகிறேன்! பேரரசு இல்லை, நாடுதான். நல்ல நாடு! இப்போதாவது வாருங்கள்!”

“வாபஸா?” ஆமைக்கு முகம் மலர்ந்தது. “அப்படியானால் புகாரே இல்லையே!”

தாழைக்கோழி தனியாகவே ஓடியது. நிற்க வசதி போதவில்லை என்று காவல்காரன் அடுத்த மேட்டுக்குப் போயிருந்தான். மூன்று முட்டை கூழாகிக் கிடந்தது. கூடு சரிய, மிஞ்சிய ஒன்று தண்ணீரை நோக்கி உருண்டது. அதைக் காலால் அணைத்துக்கொண்டு தாழைக்கோழி கத்தியது:

“யாராவது வந்து இந்தப் பக்கம் கொஞ்சம் பிடியுங்களேன்!”

யாரும் வரவில்லை. ‘நல்ல நாடு’ என்பதில் ‘நல்ல’ அவசியமா என்று சபை விவாதித்துக்கொண்டிருந்தது.

மிதிக்கிறவனுக்கு என்ன பெயர் என்று பேசி முடிப்பதற்குள் மிதிபடுகிறவளின் வீடே இல்லாமல் போய்விடும்; முதலில் எழுந்து போங்கள்.