பெயர் தேய்த்த அண்டா

"திருட்டுச் சாமான்னு தெரியாம வாங்கினா பாவமாம்மா?"

சொர்ணலிங்கம் கேட்டார்.

வடிவம்மை பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தெரியாம வாங்கினவருக்கு இந்தக் கேள்வி எப்படிண்ணே வந்துச்சு?"



சொர்ணலிங்கத்துக்கு வயது ஐம்பத்தாறு. அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அவர் அவளை அம்மா என்பார். அவள் அவரை அண்ணே என்பாள். குரு அவள், சீடர் அவர். இதில் அங்கே யாருக்கும் எந்தக் குழப்பமும் இருந்ததில்லை.

நத்தத்திலிருந்து பழனிக்கு நடந்துபோகிற வழியில் இருந்தது அவளுடைய மடம். பெயர்தான் மடம். ஒரு நீளக் கூடம், ஒரு சமையற்கட்டு, மேலே ஓடு. அவ்வளவுதான். அவள் பிரசங்கம் செய்து யாரும் கேட்டதில்லை. தைப்பூசத்துக்கு நடந்து வருகிறவர்களுக்குச் சோறு போடுவாள். ஒன்பது வருஷமாக அந்த இடத்தைப் பசியோடு தாண்டிப் போனவர் ஒருவர்கூட இல்லை. சொல்லில் பெரிய ஆட்கள் நிறையப் பேர் உண்டு. சோற்றில் இப்படி ஒருத்தியை நான் கேள்விப்பட்டதில்லை.

அந்த வருஷம் மடத்துப் பெரிய அண்டா அடியில் விரிசல் விட்டுவிட்டது. தை மாதம். வாடகைப் பாத்திரமெல்லாம் கல்யாண வீடுகளுக்குப் போயிருந்தது. மறுநாள் அறுநூறு பேர் வருகிறார்கள்.

சொர்ணலிங்கத்துக்கு நத்தத்தில் இரும்புச் சாமான் கடை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பிப் போனவர், ஒரு பித்தளை அண்டாவோடு வந்து இறங்கினார். இரண்டு பேர் உள்ளே உட்காரலாம். ஈயம் பூசி, பளபளவென்று இருந்தது.

சமையற்கட்டே கூடி வந்து பார்த்தது. பார்த்தவர்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். சொர்ணலிங்கம் மட்டும்தான் நேரே வடிவம்மையிடம் போய் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"யாருகிட்ட வாங்குனீங்க?" என்று கேட்டாள் வடிவம்மை.

"ரோட்டோரமா மினி வேன்ல வச்சிருந்தான்மா. பாகப் பிரிவினையில வந்துச்சாம்."

"எந்த ஊர்ப் பாகம்?"

"கேக்கலை."

"ஏன்?"

சொர்ணலிங்கம் பூசணிக்காயைப் பார்த்தார்.

"கேட்டா சொல்லிருவானோன்னு இருந்துச்சும்மா."

வடிவம்மை கத்தியை வைத்துவிட்டு எழுந்தாள். அண்டாவைச் சுற்றி வந்தாள். கழுத்துப் பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு அரம் போட்டுத் தேய்த்த தடம் இருந்தது. நம் பக்கத்தில் பெயர் வெட்டாத பெரிய பாத்திரம் ஏது? அந்த இடத்தில் ஒரு பெயர் இருந்திருக்கிறது.

அவள் விரலால் அதைத் தடவினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார் சொர்ணலிங்கம். அவள் திட்டவில்லை.

"நம்ம மடத்துக்குக் குடுக்குற ஏனத்துல குடுக்குறவுக பேர் இருக்கணும். நாளைக்கு இதுல பொங்கணும்னா, இன்னைக்கே போய் உங்க பேரை வெட்டிட்டு வாங்கண்ணே."

அவருக்குப் போன உயிர் வந்தது. அண்டாவை மறுபடி வண்டியில் ஏற்றினார்.

*

மஸ்தான் பாய் நத்தத்தில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுகிறவர். உளியை எடுத்துக்கொண்டு அண்டாவைப் பார்த்தார்.

"தேச்ச எடத்துலயே வெட்டவா? பக்கத்துல வெட்டவா?"

"ஏன்?"

"பக்கத்துல வெட்டினா தேச்சது தனியாத் தெரியும். தேச்ச எடத்துல வெட்டினா பழைய பேர் மேல உங்க பேர் உக்காந்திரும்."

சொர்ணலிங்கத்துக்கு வியர்த்தது.

"பேரைச் சொல்லுங்க. அப்பா பேர், ஊரு?"

அறுநூறு பேர். ஊர் ஊராக வருகிறவர்கள். அதில் ஒருவன் இந்த அண்டாவைத் தெரிந்தவனாக இருந்துவிட்டால்? தன் பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் கொட்டை எழுத்தில்.

மஸ்தான் பாய் உளியோடு காத்திருந்தார்.

சொர்ணலிங்கத்துக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்தது. பெயரே வேண்டாமே! எத்தனை அடக்கம்! தன் பணிவை நினைத்து அவருக்கே கண் கலங்கியது.

"'ஓர் அடியார் உபயம்'னு வெட்டுங்க பாய்."

*

மடத்தில் அதைப் படித்தவர்கள் உருகிப் போனார்கள்.

"பேர்கூட வேண்டாம்னுட்டாரே மனுசன்!" என்றார் சமையல்காரர்.

சொர்ணலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். அது பார்ப்பதற்குப் பணிவு போலவே இருந்தது.

வடிவம்மை படித்தாள். உள்ளே போய் ஒரு சாதக் கரண்டியை எடுத்து வந்தாள். போன வருஷம் சொர்ணலிங்கம் கொடுத்தது. காம்பைத் திருப்பி, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"கா. சொர்ணலிங்கம், காத்தமுத்து மகன், சொர்ணம் ஹார்டுவேர்ஸ், பஸ் ஸ்டாண்டு எதிர்ப்புறம், நத்தம்." கரண்டியைக் கண்ணருகே கொண்டுபோனாள். "கீழே போன் நம்பரும் இருக்கு."

யாரோ சிரித்தார்கள். சொர்ணலிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"கரண்டிக்கு வந்த பேரு அண்டாவுக்கு ஏண்ணே வரலை?"

அவர் கரண்டியை வாங்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"இதுல பொங்கிட்டு, சாப்பிடுங்கன்னு நான் எந்த வாயால கூப்பிடுவேன்?"

"நாளைக்கு அறுநூறு பேரும்மா! இது இல்லாட்டி எதுல பொங்குவீங்க?"

"அது என் கவலை" என்றாள் வடிவம்மை.

*

அவள் கவலை எப்படித் தீர்ந்தது என்று சொல்கிறேன். இன்றைக்கும் நினைத்தால் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

மறுநாள் விடிந்ததும் அக்கம்பக்கத்தில் வீடு வீடாகப் போனாள். உங்கள் வீட்டுக் குக்கரைக் கொடுங்கள் என்று கேட்டாள். இருபத்தேழு குக்கர் வந்தது. அடுப்புகளை வரிசையாக மூட்டினாள். எட்டு மணிக்கு ஒவ்வொன்றாக விசிலடிக்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. ஒரு குக்கர் இறங்க ஒரு குக்கர் ஏற, அவளும் பெண்களும் ஓடினார்கள். நீராவி பட்டு அவள் முழங்கை கொப்பளித்துவிட்டது. வாழைப்பட்டையைப் பிழிந்து விட்டுக்கொண்டு அடுத்த குக்கரைத் திறந்தாள்.

அதற்கு முன்பே அண்டாவை ரோட்டோரம் தூக்கி வைக்கச் சொல்லியிருந்தாள்.

"பக்கத்துல நீங்க உக்காருங்கண்ணே. கேக்குறவுகளுக்குப் பதில் சொல்லுங்க."

"என்ன பதில் சொல்றது?"

"உங்களுக்குத் தெரிஞ்ச பதில்."

சொர்ணலிங்கம் உட்கார்ந்தார்.

பச்சை வேட்டிகளும் காவடிகளுமாகக் கூட்டம் வந்தது. முதலில் ஓர் அம்மாள் கேட்டாள்.

"யாரு அண்டா இது?"

"மடத்து அண்டா."

"அப்புறம் ஏன் தெருவுல கெடக்கு?"

"ஈயம் பூசணும்."

அம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஈயம் கண்ணாடியாக மின்னியது. அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

அடுத்து ஒரு பையைத் தோளில் மாட்டியவர் நின்றார். அண்டாவைத் தட்டிப் பார்த்தார். தேய்த்த இடத்தைப் பார்த்தார். குனிந்து, மெல்லிய குரலில் சொன்னார்.

"எங்க இருந்து வந்துச்சுன்னு நான் கேக்க மாட்டேன். வெலையை மட்டும் சொல்லுங்க."

சொர்ணலிங்கத்துக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

"இது விக்கிறதுக்கு இல்லை" என்றார். குரல் தடித்துவிட்டது. "இது யாரோடதுன்னு தெரியலை. சொந்தக்காரங்க யாராச்சும் வருவாங்களான்னு வச்சிருக்கோம்."

அவர் சொன்ன முதல் நிஜம் அது. அதன் பிறகு எவர் கேட்டாலும் அதையே சொன்னார். வெயில் ஏறியது. சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை.

*

மத்தியானம் ஒரு மனிதர் தனியாக வந்தார். அறுபது வயது இருக்கும். கால் வெடித்திருந்தது. ஒரு கூட்டம் மடத்துக்குள் நுழைந்தபின், நூறு அடி பின்னால் வந்துகொண்டிருந்தார்.

அண்டாவைத் தாண்டிப் போனவர் திரும்பி வந்தார்.

ஒன்றும் கேட்கவில்லை. அண்டாவுக்குள் கையை விட்டார். உள்ளே பார்க்காமலேயே, அடிப்பக்கம் ஓர் இடத்தில் கை போய் நின்றது.

"நசுங்கி இருக்கா?" என்றார் சொர்ணலிங்கம்.

"என் மக கல்யாணத்துல நான்தான் கீழ போட்டேன்."

அவர் பெயர் சேவுகன். ஊர் ஆவாரங்குளம். அது ஊர்ப் பொது அண்டா. நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அதில்தான் சோறு வேகும். கோயில் அறையில் இருக்கும். அறைச் சாவி சேவுகனிடம்.

"நாலு மாசத்துக்கு முன்னாடி காணாமப் போச்சு. பூட்டு ஒடையலை. சாவி என் இடுப்புல. அப்ப நான்தானே வித்திருக்கணும்?"

"ஊர்ல அப்படியா சொன்னாங்க?"

"என் முகத்துக்கு நேரா யாரும் சொல்லலை. ஒரு விசேஷத்துக்கும் கூப்பிடுறதில்லை. முப்பது வருசமா ஒண்ணா நடக்குறோம் பழனிக்கு. இந்த வருசம் நான் பின்னாடி நடக்குறேன்."

சொல்லிவிட்டு அண்டாவின் வாய்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது.

 "இது உங்க ஊருது. எடுத்துட்டுப் போங்க" என்றார் சொர்ணலிங்கம்.

சேவுகன் மறுப்பாகத் தலையை ஆட்டினார்.

"நான் எடுத்துட்டுப் போனா, வித்த எடத்துலேருந்து திரும்ப வாங்கிட்டு வந்துட்டான்னுதான் சொல்லுவாய்ங்க."

அது நியாயமாகத்தான் இருந்தது.

"எங்க அம்மாவை வந்து சொல்லச் சொல்றேன். அவுக சொன்னா யாரும் மறுக்க மாட்டாங்க."

"அவுகளுக்கு என்னய்யா தெரியும்? இது எந்தக் கை வழியா வந்துச்சுன்னு தெரிஞ்ச ஆளுல்ல சொல்லணும்."

மடத்துக்குள் பந்தி நடந்துகொண்டிருந்தது. சோற்றுக் கூடையோடு வாசல்பக்கம் வந்த வடிவம்மை இவர்களைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போய்விட்டாள்.

அவள் ஏதாவது சொல்லியிருந்தால் சொர்ணலிங்கத்துக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

"உங்க ஊர்க்காரங்க எங்க?" என்றார்.

"உள்ள சாப்பிடுறாங்க."

"வாங்க."

சேவுகனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சொர்ணலிங்கத்தின் கையைப் பிடித்தார்.

"வேணாங்கய்யா. பெரிய மனுசனா இருக்கீங்க. உங்களையும் திருடன்னுருவாய்ங்க. அது தாங்காது. எனக்குத் தெரியும்."

"நாலு மாசமா நீங்க தாங்கியாச்சு" என்றார் சொர்ணலிங்கம். "இனி என் முறை."

*

கூடத்தில் நூற்றைம்பது பேர் இலை முன்னால் இருந்தார்கள். நேற்று அவரைப் புகழ்ந்த சமையல்காரர் சாம்பார் வாளியோடு நின்றார். நத்தத்துக்காரர்கள் பத்துப் பேராவது இருந்தார்கள். அதில் இருவர் கடை வாடிக்கைக்காரர்கள்.

சொர்ணலிங்கம் நடுவில் போய் நின்றார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

ஒன்பது வருஷத்தில் பந்தி நடுவே பரிமாறுவதை அந்த மடத்தில் நிறுத்தியதே கிடையாது. வடிவம்மை கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எல்லாரும் நிறுத்துங்க. அண்ணன் பேசணும்."

கூடம் அமைதியானது.

"ஆவாரங்குளத்துக்காரங்களுக்குச் சொல்றேன்" என்றார் சொர்ணலிங்கம். "உங்க ஊர் அண்டா வெளியே இருக்கு. அதைச் சேவுகன் விக்கலை. வேன்ல வச்சிருந்த வேற ஒருத்தன்கிட்ட நான்தான் வாங்கினேன். அரம் போட்டு உங்க ஊர்ப் பேரைத் தேச்சிருந்ததைப் பார்த்துட்டு, சல்லிசா வருதேன்னு வாங்கினேன். என் பேர் சொர்ணலிங்கம். போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டாலும் வந்து சொல்றேன்."

ஒருவர் கண்ணும் அவரை விட்டு அகலவில்லை. அவர் அப்படியே நின்றார். கண்ணைத் தாழ்த்தவும் இல்லை. அந்த நேரத்தில் அவரைப் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு வரிசையின் கோடியில் இருந்த பெரியவர் வாசலைப் பார்த்தார். அங்கே சேவுகன் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பெரியவர் இலையை இழுத்துக்கொண்டு ஓர் ஆள் உட்காரும் அளவு நகர்ந்தார்.

"சேவுகா, இங்க வா."



சேவுகன் வந்தார். வடிவம்மை தானே இலை எடுத்து வந்து குனிந்தாள்.

சேவுகன் உட்காரவில்லை.

"எனக்குப் பக்கத்துல அந்த அய்யாவுக்கும் ஒரு எலை போடுங்கம்மா" என்றார்.