ருசி பார்க்காமல் வைத்த ரசம்

"என் வீட்டுக்காரிக்கு என்ன கொடுக்கிறதுன்னு தெரியலை, அம்மா" என்றார் ஏகாம்பரம்.

ஓட்டல் ஓட்டலாகப் போய்ச் சாப்பிட்டு, நல்லது கெட்டதைப் பத்திரிகையில் எழுதுவது அவர் பிழைப்பு. அவர் எழுதி ஒரு கடையில் கூட்டம் சேரும். அவர் எழுதியே இன்னொரு கடையில் அடுப்பு அணையும்.

அவருக்குக் குரு, மலையடிவார மடத்துப் பெரியநாயகி அம்மை. அம்மை அப்போது சாமிக்குச் சர்க்கரைப் பொங்கல் கிளறிக்கொண்டிருந்தார்.

"புஷ்பவல்லிக்கு உடம்பு எப்படி இருக்கு?"

"டாக்டர் கையை விரிச்சிட்டார். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் ஆசைப்பட்டதைக் கொடுங்கன்னு சொல்லிட்டார்."

"கொடுக்கறதுதானே?"

"நான் புகழ்ந்து எழுதின கடையிலேருந்தெல்லாம் வாங்கிட்டு வந்தேன். ஒரு வாய் வாங்கிக்கறா. என் முகத்தைப் பாக்கறா. நல்லா இருக்குன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கறா."

"என்னிக்காவது ஒண்ணு நல்லா இல்லேன்னு சொல்லியிருக்காளா?"

"எங்க வீட்டுல அதை நான்தான் சொல்லுவேன்."

அம்மை பொங்கலில் நெய்யை ஊற்றினார்.

நெய் வாசனை எழும்பியது. ஏகாம்பரத்தின் கை தன்னால் நீண்டது. கரண்டி நுனியிலிருந்து கொஞ்சம் வழித்து நாக்கில் வைத்தார்.

"வெல்லம் இன்னும் துளி..."

அம்மை பானையை இறக்கி ஓரமாக வைத்தார்.

"இது இனிமே நமக்குத்தான். சாமிக்கு ஆகாது."

வேறு பானையை எடுத்துக் கழுவினார். மறுபடி அரிசி களைந்தார்.

ஏகாம்பரத்துக்கு முகம் சுருங்கிவிட்டது.

"பழக்க தோஷம், மன்னிக்கணும். ஆனா ருசி பாக்காம, சரியா வந்திருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"அப்புறம்?"

"முன்னால வச்சிட்டு, கையைக் கட்டிட்டு நிப்பேன்."

ஏகாம்பரம் எழுந்து வீட்டுக்குப் போனார்.

அன்று அவரே ரசம் வைத்தார். கரண்டியை இரண்டு தரம் வாய்வரை கொண்டுபோய், இரண்டு தரமும் இறக்கினார். சோற்றைக் குழைய மசித்து ரசம் ஊற்றிக் கரைத்தார்.

புஷ்பவல்லி எலும்பும் தோலுமாகக் கட்டிலில் கிடந்தாள். தலையைத் தாங்கிப் பிடித்து ஒரு வாய் ஊட்டினார்.

வழக்கம்போல அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எந்தக் கடை?"

"நான்தான் வச்சேன்."

"எப்படி இருக்கு?"

"நான் வாயில வைக்கலை."

அவள் காத்திருந்தாள். அவர் வாய் திறக்கவில்லை.

வெகுநேரம் கழித்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலச் சொன்னாள்.

"புளிப்பு ஜாஸ்தி."

அவர் கிண்ணத்தைக் கீழே வைக்கப் போனார்.

"வைக்காதீங்க" என்றாள். "எனக்கு எப்பவுமே புளிப்புதான் பிடிக்கும்."